4.250 கிராம் எப்படி 4250 ஆனது?

என் நண்பர் ஒருவர் சிறிய நகைப் பட்டறை நடத்துகிறார். ஆசாரிகளிடம் தங்கம் கொடுத்து, நகை செய்து வாங்கி, கடைகளுக்குக் கொடுக்கும் தொழில். கொடுத்த தங்கம் ஒரு காலம், திரும்பி வந்த நகையின் எடை அடுத்த காலம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சேதாரம். இந்தக் கணக்கைப் பல வருடங்களாக எக்செல் தொகுப்பில்தான் வைத்திருக்கிறார். பழைய கம்ப்யூட்டர் மக்கர் செய்யவே, ஜெர்மனியில் வேலை பார்க்கும் அக்கா மகன் விடுமுறையில் வந்தபோது தன்னுடைய லேப்டாப்பை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பழைய ஃபைலை பென் டிரைவில் கொண்டுவந்து புது லேப்டாப்பில் போட்டு வேலையைத் தொடர்ந்தார் நண்பர்.

அந்த மாதக் கடைசியில் பிரச்சினை வந்தது. ஓர் ஆசாரியிடம் கொடுத்தது 180 கிராம். திரும்பி வந்ததாக எக்செல் காட்டிய மொத்தம் 139 கிராம் சொச்சம். சேதாரமாக இரண்டு, இரண்டரை கிராம் போகலாம். நாற்பது கிராம் போகுமா? கிட்டத்தட்ட ஐந்து பவுனைக் காணவில்லை! பதினைந்து வருடமாக வேலை செய்யும் மனிதர். கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. "கணக்கு பார்த்துட்டுத் தர்றேன்" என்று சொல்லி அவருடைய கூலியை நிறுத்தி வைத்துவிட்டார்.

மறுநாள் புதிய எடைகளை டைப் செய்யும்போது இன்னொரு வேடிக்கை. 3.5 என்று டைப் செய்து என்டர் தட்டினால், செல்லில் '03. மை' என்று ஏதோ வந்து நிற்கிறது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாலும் அதே மை. அடுத்த செல்லில் 4.250 என்று அடித்தார். அது 4.250 என்று ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஆனால் கீழே உள்ள மொத்தம் ஒரேயடியாக நாலாயிரத்துக்கு மேல் எகிறிவிட்டது. "வைரஸ் புகுந்துடுச்சுப்பா" என்று எனக்கு போன் செய்தார்.

வைரஸ் எதுவும் இல்லை. ஆசாரியும் எதையும் எடுக்கவில்லை. அந்த லேப்டாப்பில் எண்களை எழுதும் முறை ஜெர்மானிய முறையாக இருந்தது, அவ்வளவுதான்.

அதென்ன ஜெர்மானிய முறை?

ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு ரூபாய் ஐம்பது காசு என்பதை நாம் 1,234.50 என்று எழுதுகிறோம். கமா ஆயிரத்தைப் பிரிக்கிறது, புள்ளி தசமத்தைக் காட்டுகிறது. உலகம் முழுவதும் இப்படித்தான் எழுதுவார்கள் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சரியல்ல. இதே எண்ணை ஜெர்மனியில் 1.234,50 என்று எழுதுவார்கள். அங்கே புள்ளிக்கும் கமாவுக்கும் வேலை மாறிவிடுகிறது. பிரான்சில் 1 234,50. அதாவது ஆயிரத்தைப் பிரிக்க ஓர் இடைவெளி, தசமத்துக்குக் கமா. சுவிட்சர்லாந்தில் ஆயிரத்தைப் பிரிக்க மேற்கோள் குறி போன்ற ஒன்றைப் போட்டு 1’234.50 என்று எழுதுவதைப் பார்க்கலாம். இத்தாலி, ஸ்பெயின், நெதர்லாந்து, ரஷ்யா, பிரேசில், இந்தோனேசியா, வியட்நாம் எல்லாம் தசமத்துக்குக் கமா போடும் நாடுகள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், சீனா, ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா ஆகியவை புள்ளி போடும் நாடுகள். கனடா இன்னும் வேடிக்கை. ஆங்கிலத்தில் எழுதினால் புள்ளி, பிரெஞ்சில் எழுதினால் கமா. ஒரே நாட்டில் இரண்டும் உண்டு.

ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, கனடா என்ற பெயர்களைப் பார்த்ததும் உங்களில் சிலருக்கு உறவினர்கள் ஞாபகத்துக்கு வந்திருக்கும். அங்கிருந்து வரும் லேப்டாப்களும் எக்செல் ஃபைல்களும் நம் வீடுகளில் ஏராளம். அதனால்தான் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

எது சரி, எது தவறு என்று கேட்டால் இரண்டும் சரிதான். தசமப் பின்னங்களை ஐரோப்பாவில் பரப்பிய பெருமை சைமன் ஸ்டெவின் என்ற பிளெமிஷ் அறிஞருக்கு உண்டு. 1585-ல் அவர் எழுதிய சிறு நூலில் புள்ளியும் கிடையாது, கமாவும் கிடையாது. ஒவ்வோர் இலக்கத்தின் பக்கத்திலும் வட்டத்துக்குள் ஓர் எண்ணைப் போட்டுக் காட்டினார். பிறகு வந்தவர்கள் ஆளுக்கு ஒரு குறியைப் போட்டார்கள். இங்கிலாந்தில் புள்ளி நிலைத்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கமா நிலைத்தது. சர்வதேச எடை, அளவு மாநாடு 1948-ல் கூடியபோது, எண்களை மூன்று மூன்றாகப் பிரிக்கப் புள்ளியோ கமாவோ வேண்டாம், இடைவெளி விடுங்கள் என்றது. 2003-ல் கூடியபோது தசமக் குறியாகப் புள்ளியும் போடலாம், கமாவும் போடலாம் என்று தீர்மானம் போட்டுவிட்டது. பஞ்சாயத்து முடிந்த மாதிரியும் ஆயிற்று, முடியாத மாதிரியும் ஆயிற்று!

நமக்கே தசமப் புள்ளி பில்களில் பழகியது நேற்றைய கதைதான். 1957 ஏப்ரல் 1-ல் ஒரு ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று ஆகும் வரை ரூபாய், அணா, பைசா என்று தனித்தனிக் காலம் போட்டுத்தான் கணக்கு எழுதினார்கள். அந்தப் பேரேடுகளில் புள்ளிக்கு வேலையே இல்லை.

லொகேல் என்றால் என்ன?

ஒரு நாட்டில் அல்லது ஒரு மொழியில் எண், தேதி, நேரம், பணம் ஆகியவற்றை எப்படி எழுதுவார்கள் என்ற விவரங்களின் தொகுப்பை லொகேல் என்று கம்ப்யூட்டர்காரர்கள் சொல்வார்கள். விண்டோஸில் இது 'ரீஜன்' என்ற பெயரில் கண்ட்ரோல் பேனலில் இருக்கிறது. விண்டோஸ் 98 காலத்தில் 'ரீஜனல் செட்டிங்ஸ்' என்றும், எக்ஸ்பி காலத்தில் 'ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' என்றும் இருந்தது இதுவேதான்.

புதியவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. திரையில் மெனுக்கள் எந்த மொழியில் தெரிகின்றன என்பது ஒரு செட்டிங். கீபோர்டில் எந்த எழுத்துகள் விழும் என்பது இன்னொரு செட்டிங். எண்ணும் தேதியும் எப்படி இருக்கும் என்பது மூன்றாவது செட்டிங். மூன்றும் தனித்தனி. நண்பரின் மருமகன் மாமாவுக்காக முதல் இரண்டையும் அக்கறையாக ஆங்கிலத்துக்கு மாற்றியிருந்தார். மூன்றாவதை விட்டுவிட்டார். திரையில் எல்லாம் ஆங்கிலமாகத் தெரிந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மொத்தம் 139,45 என்று கமாவுடன் தெரிந்ததைக்கூட, "புது எக்செல்லில் இப்படித்தான் வரும் போல" என்று நண்பர் விட்டுவிட்டார்.

இப்போது அந்த எக்செல் ஷீட்டில் என்ன நடந்தது என்று பார்ப்போம். நீங்கள் ஒரு செல்லில் டைப் செய்வது வெறும் எழுத்துக்கள்தான். என்டர் தட்டியவுடன் எக்செல் அதைப் பார்த்து, "இது எண்ணா, தேதியா, வெறும் எழுத்தா?" என்று முடிவு செய்கிறது. அப்படி முடிவு செய்ய அது பார்ப்பது விண்டோஸின் ரீஜன் செட்டிங்கை. ரீஜன் ஜெர்மனியாக இருந்தால் புள்ளி என்பது ஆயிரத்தைப் பிரிக்கும் குறி. தேதியிலும் நாள், மாதம் இவற்றைப் பிரிக்க ஜெர்மனியில் புள்ளிதான். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் எல்லாம் புரிந்துவிடும்.

3.5 என்று அடித்தீர்கள். நாள் 3, மாதம் 5. மே மூன்றாம் தேதி! மே மாதத்துக்கு ஜெர்மன் மொழியில் 'மை' என்று பெயர். அதுதான் செல்லில் வந்து நின்ற மை. எக்செல் தேதிகளை உள்ளுக்குள் எண்களாகத்தான் வைத்துக்கொள்ளும். 1900 ஜனவரி 1 என்பது 1. அதிலிருந்து ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டே வரும். 2024 மே 3 என்பது 45415. எனவே மூன்றரை கிராம் என்று நினைத்து நீங்கள் அடித்தது மொத்தத்தில் நாற்பத்தைந்தாயிரம் கிராமாகக் கூடும்.

4.250 என்று அடித்தால்? புள்ளிக்குப் பிறகு சரியாக மூன்று இலக்கங்கள். ஆகவே இது நாலாயிரத்து இருநூற்று ஐம்பது என்று எக்செல் எடுத்துக்கொள்கிறது. அத்தோடு விடவில்லை. "இவர் ஆயிரம் பிரித்துக் காட்டுவதை விரும்புகிறார்" என்று நினைத்து, செல்லையும் அதே பாணியில் 4.250 என்றே காட்டுகிறது. பார்வைக்கு நீங்கள் அடித்தது அப்படியே இருக்கும். உள்ளே இருப்பது ஆயிரம் மடங்கு. அந்த செல்லை க்ளிக் செய்து மேலே உள்ள ஃபார்முலா பாரைப் பார்த்தால்தான் 4250 என்ற உண்மை தெரியும். தங்கம் எடை போடுபவர்கள் மில்லிகிராம் வரை, அதாவது புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் எழுதுவது வழக்கம். அவர்களுக்கு இது பெரிய பொறி.

மூன்றாவது வகைதான் மிகவும் ஆபத்தானது. நண்பர் புது லேப்டாப்புக்கு மாறிய பிறகு அந்த ஆசாரியின் கணக்கில் 16.35, 21.80 என்று இரண்டு எடைகளை டைப் செய்திருந்தார். 16.35 தேதி அல்ல, 35-ம் மாதம் கிடையாது. ஆயிரம் பிரித்த எண்ணும் அல்ல, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்தான் இருக்கிறது. எனவே எக்செல் இதை வெறும் எழுத்து என்று வைத்துக்கொண்டது. 21.80-க்கும் இதே கதி. கீழே இருந்த 'சம்' ஃபங்ஷன், எழுத்து உள்ள செல்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். எந்த எச்சரிக்கையும் தராது. பதினாறும் இருபத்தொன்றும் சொச்சமும் சேர்ந்து 38.15 கிராம். 139.45 உடன் 38.15-ஐக் கூட்டிப் பாருங்கள். 177.60. கொடுத்த 180-ல் சேதாரம் 2.40 போக, சரியான கணக்கு!

'சம்' ஃபங்ஷனுக்குப் பதிலாக ஒவ்வொரு செல்லையும் பிளஸ் குறி போட்டுக் கூட்டியிருந்தால் எக்செல் '#வேல்யூ!' என்று பிழை காட்டியிருக்கும். அப்போதாவது சந்தேகம் வந்திருக்கும். 4.250 அடித்து மொத்தம் எகிறியதால்தான் விஷயம் வெளியே வந்தது. இல்லாவிட்டால் ஆசாரியின் பெயர் கெட்டிருக்கும்.

உங்கள் கம்ப்யூட்டர் எந்தக் கட்சி?

உடனே தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி. விண்டோஸில் உள்ள கால்குலேட்டரைத் திறந்து பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் உள்ள பட்டனில் புள்ளி இருந்தால் உங்கள் ரீஜன் புள்ளிக் கட்சி. கமா இருந்தால் கமாக் கட்சி.

எக்செல்லில் பார்ப்பதானால், ஒரு காலி செல்லில் 16.35 என்று அடித்து என்டர் தட்டுங்கள். எண்ணாக ஏற்றுக்கொண்டால் செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்தாக எடுத்துக்கொண்டால் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். கணக்கு ஷீட் வைத்திருப்பவர்கள் அலைன்மென்ட் பட்டன்களைத் தட்டி எல்லா எண்களையும் நடுவில் கொண்டுவந்து அழகுபடுத்துவதுண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த வலது, இடது வித்தியாசம் இலவசமாகக் கிடைக்கும் காவல்காரன்.

செட்டிங்கை மாற்ற, கீபோர்டில் விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஆர் கீயைத் தட்டுங்கள். ரன் பாக்ஸ் வரும். அதில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஐ, என், டி, எல், பிறகு ஒரு புள்ளி, பிறகு சி, பி, எல் என்று இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ரீஜன் டயலாக் பாக்ஸ் திறக்கும். பழைய விண்டோஸிலிருந்து விண்டோஸ் 11 வரை இந்த வழி வேலை செய்யும் என்பதால் இதைச் சொல்கிறேன். செட்டிங்ஸ் மெனுவுக்குள் போய்த் தேடினால் ஒவ்வொரு விண்டோஸிலும் ஒவ்வோர் இடத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள்.

ஃபார்மட்ஸ் டேபில் மேலே ஒரு பட்டியல் இருக்கும். அதில் 'இங்கிலீஷ் (இந்தியா)' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 'அடிஷனல் செட்டிங்ஸ்' பட்டனை க்ளிக் செய்யுங்கள். நம்பர்ஸ் டேபில் 'டெசிமல் சிம்பல்' என்ற இடத்தில் புள்ளியும், 'டிஜிட் குரூப்பிங் சிம்பல்' என்ற இடத்தில் கமாவும் இருக்கிறதா என்று பாருங்கள். 'லிஸ்ட் செபரேட்டர்' என்ற இடத்தில் கமா இருக்க வேண்டும். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். அப்ளை, ஓகே. எக்செல் திறந்திருந்தால் அதை மூடிவிட்டு மறுபடி திறந்துகொள்வது நல்லது.

நம் நாட்டில் புதுக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களும் இந்தப் பட்டியலை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். பல கம்ப்யூட்டர்களில் 'இங்கிலீஷ் (யுனைடெட் ஸ்டேட்ஸ்)' என்றே விட்டுவிடுகிறார்கள். தசமப் புள்ளியில் தொந்தரவு இல்லை. ஆனால் தேதியில் மாதம் முதலில் வந்துவிடும். 5/3 என்று அடித்தால் மார்ச் 5-க்குப் பதிலாக மே 3 ஆகிவிடும். எண்களும் 1,234,567 என்று மில்லியன் கணக்கில் பிரியும். 'டிஜிட் குரூப்பிங்' என்ற இடத்தில் 12,34,56,789 என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் எக்செல்லில் கமா ஸ்டைல் பட்டனைத் தட்டும்போது 12,34,567 என்று நம் லட்சக் கணக்கிலேயே வரும். இந்தியா ரீஜனில் இது தானாகவே இப்படித்தான் இருக்கும்.

எக்செல்லுக்குள்ளும் இதே போன்ற ஒரு செட்டிங் உண்டு. ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் என்று போனால் 'யூஸ் சிஸ்டம் செபரேட்டர்ஸ்' என்ற டிக் பாக்ஸ் இருக்கும். டிக் இருந்தால் விண்டோஸ் சொல்வதை எக்செல் கேட்கும். டிக்கை எடுத்துவிட்டு வேறு குறிகளை நீங்களே கொடுக்கலாம். விண்டோஸ் சரியாக இருந்தும் எக்செல் மட்டும் கமா போடுகிறது என்றால் யாரோ இங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பழைய தவறுகள் தானாகச் சரியாகுமா?

ஆகாது. செட்டிங்கை மாற்றியபின் என் நண்பர் முதலில் கேட்ட கேள்வி இதுதான். "எல்லாம் பழையபடி வந்துடுமா?"

முதலில் நல்ல செய்தி. ஏற்கெனவே சரியாக எண்ணாகப் பதிவான எதுவும் கெடவில்லை. எக்செல் ஃபைலுக்குள் எண்களைப் புள்ளி, கமா என்ற தோற்றத்தோடு வைப்பதில்லை. எண்ணின் மதிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, திறக்கும் கம்ப்யூட்டரின் வழக்கப்படி காட்டும். அதனால்தான் பழைய கம்ப்யூட்டரில் அடித்த எடைகள் ஜெர்மன் லேப்டாப்பில் கமாவுடன் தெரிந்தாலும் கணக்கில் ஒழுங்காகக் கூடின. ஃபார்முலாக்களும் அப்படித்தான். ஜெர்மன் ரீஜனில் ஃபார்முலாவுக்குள் கமாவுக்குப் பதில் செமிகோலன் போட வேண்டும், ஏனென்றால் கமாவைத் தசமம் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் ஃபைலைக் கொண்டுவந்து இங்கே திறந்தால் செமிகோலன்கள் தாமாகவே கமாவாகிவிடும். புத்தகத்தைப் பார்த்து ஃபார்முலா டைப் செய்து, பிழை வந்து திண்டாடுபவர்கள் இந்த லிஸ்ட் செபரேட்டரையும் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

எழுத்தாகிப்போன 16.35 போன்றவற்றை மீட்பது சுலபம். ரீஜனை இந்தியாவுக்கு மாற்றியபின் அந்தக் காலத்தை செலக்ட் செய்து, டேட்டா மெனுவில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' கொடுத்து, வேறு எதையும் தொடாமல் ஃபினிஷ் க்ளிக் செய்யுங்கள். எக்செல் ஒவ்வொரு செல்லையும் புதிதாக அடித்தது போல மறுபடி படித்து எண்ணாக மாற்றிவிடும். இரண்டு மூன்று செல்கள்தான் என்றால் ஒவ்வொன்றிலும் எஃப்2 கீயைத் தட்டி என்டர் கொடுத்தாலே போதும்.

தேதியாக மாறியவற்றைக் காப்பாற்ற முடியாது. 3.5 என்று அடித்தாலும் மே 3. 3.05 என்று அடித்தாலும் மே 3. இப்போது செல்லில் இருப்பது மே 3 மட்டும்தான். அது மூன்றரை கிராமா, மூன்று கிராம் ஐம்பது மில்லியா என்று எக்செல்லாலும் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது. ஏதாவது ஃபார்முலா போட்டுத் திருப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துண்டுச் சீட்டைத் தேடி எடுத்துத் திரும்ப அடிப்பதுதான் வழி. 4250-ம் அப்படியே. ஒரு காலத்தில் எல்லாமே சில கிராம்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தால் ஆயிரத்தால் வகுக்கலாம். விலையும் எடையும் கலந்த ஷீட்டாக இருந்தால் அதுவும் ஆபத்து. நண்பர் எடைச் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைக்கும் பழக்கத்தை கம்ப்யூட்டர் வந்தபிறகும் விடவில்லை. அது கைகொடுத்தது.

சிஎஸ்வி ஃபைல்கள்

பாங்க் வெப்சைட்டில் இருந்து கணக்கு விவரத்தை இறக்கும்போது 'சிஎஸ்வி' என்ற வகையைப் பார்த்திருப்பீர்கள். கமாவால் பிரிக்கப்பட்ட விவரங்கள் என்பது அதன் பொருள். இது வெறும் எழுத்து ஃபைல். நோட்பேடில் திறந்து படிக்கலாம். இதில் எண்கள் புள்ளி, கமாவோடு எழுத்தாகவே இருக்கும். எக்செல் ஃபைலுக்கு உள்ள பாதுகாப்பு இதற்குக் கிடையாது.

ஜெர்மனியிலோ பிரான்சிலோ உருவான சிஎஸ்வி ஃபைலில் தசமத்துக்குக் கமா இருக்கும். எனவே காலங்களைப் பிரிக்கக் கமாவைப் பயன்படுத்த முடியாது. செமிகோலன் போடுவார்கள். அந்த ஃபைலை நம் கம்ப்யூட்டரில் டபுள் க்ளிக் செய்தால் பல சமயம் எல்லா விவரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு முதல் காலத்திலேயே விழும். அதாவது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே 1.234 யூரோ, அதாவது ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம், என்று இருந்தது இங்கே ஒன்றேகாலுக்கும் குறைவான எண்ணாக நுழைந்தால் யாருக்குத் தெரியும்?

இப்படிப்பட்ட ஃபைலை டபுள் க்ளிக் செய்யாதீர்கள். முதலில் நோட்பேடில் திறந்து இரண்டு வரியைப் பாருங்கள். காலங்களைப் பிரிப்பது எது, தசமம் எது என்று தெரிந்துவிடும். பிறகு முதல் காலத்தில் எல்லாம் ஒட்டி விழுந்திருந்தால், அந்தக் காலத்தை செலக்ட் செய்து அதே 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' விசார்டைத் திறந்து, டிலிமிட்டட், செமிகோலன் என்று கொடுத்து மூன்றாவது படிக்கு வாருங்கள். அங்கே உள்ள அட்வான்ஸ்ட் பட்டனை க்ளிக் செய்தால் இந்த ஃபைலில் தசமக் குறி எது, ஆயிரம் பிரிக்கும் குறி எது என்று சொல்லிவிடலாம். உங்கள் விண்டோஸ் செட்டிங்கை மாற்றவே வேண்டியதில்லை.

ஒன்றிரண்டு செல்களை மட்டும் மாற்ற எக்செல் 2013 முதல் 'நம்பர்வேல்யூ' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஏ1 செல்லில் 1.234,50 என்று எழுத்தாக இருந்தால், =நம்பர்வேல்யூ(ஏ1,",",".") என்ற ஃபார்முலா 1234.5 என்ற எண்ணைத் தரும் (ஃபங்ஷன் பெயரையும் செல் பெயரையும் ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும்). முதல் மேற்கோளுக்குள் தசமக் குறி, அடுத்ததற்குள் ஆயிரம் பிரிக்கும் குறி.

லிபர் ஆபீஸ் பயன்படுத்துபவர்கள் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் சென்று மொழிக்கான பகுதியில் லொகேலை விண்டோஸில் இருந்து தனியாகவே மாற்றிக்கொள்ளலாம். கூகுள் ஷீட்ஸில் ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் சென்றால் லொகேல் இருக்கிறது. அது கம்ப்யூட்டரைப் பொறுத்தது அல்ல, அந்த ஷீட்டைப் பொறுத்தது. பாரிசில் இருக்கும் தம்பி பிரான்ஸ் லொகேலில் உருவாக்கிய ஷீட்டை உங்களோடு பகிர்ந்துகொண்டால், மதுரையில் உட்கார்ந்து நீங்கள் அடித்தாலும் அந்த ஷீட் கமாவைத்தான் தசமமாக எடுத்துக்கொள்ளும்.

புரோகிராம் எழுதுபவர்களுக்கு இரண்டு வார்த்தை

விஷுவல் பேசிக்கில் 'வேல்' என்ற ஃபங்ஷன் எந்த ரீஜனாக இருந்தாலும் புள்ளியை மட்டுமே தசமமாக ஏற்கும். 3,14 என்று கொடுத்தால் கமாவைப் பார்த்ததும் நின்றுவிட்டு 3 என்று சொல்லும். 'சிடிபிஎல்' ஃபங்ஷன் ரீஜனைப் பார்க்கும். அதே 3,14-ஐ ஜெர்மனியில் மூன்று புள்ளி ஒன்று நான்கு என்றும், அமெரிக்க ரீஜனில் முந்நூற்றுப் பதினான்கு என்றும் சொல்லும். சி மொழியில் 'ஏடுஎஃப்', 'பிரின்ட்எஃப்' போன்றவையும் 'செட்லொகேல்' கொடுத்த பிறகு லொகேலைப் பொறுத்து மாறும். பிஎச்பி மொழியில் ஒரு தசம எண்ணை எழுத்தாக மாற்றும்போது லொகேல்படி கமா நுழைந்து, டேட்டாபேசுக்குப் போகும் கட்டளையைக் கெடுத்துவிடும் தொல்லை நெடுநாள் இருந்தது. 2020-ல் வந்த பிஎச்பி 8-ல்தான் அதைச் சரிசெய்தார்கள்.

பயனாளர் பார்க்கும் இடத்திலும் டைப் செய்யும் இடத்திலும் அவருடைய ரீஜனை மதியுங்கள். ஃபைலில் எழுதும்போதும், இன்னொரு புரோகிராமுக்கு அனுப்பும்போதும் எப்போதும் புள்ளியையே பயன்படுத்துங்கள். உங்கள் புரோகிராமை யாருக்கும் கொடுப்பதற்கு முன் ரீஜனை ஜெர்மனிக்கு மாற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

நண்பர் கதைக்கு வருவோம். கணக்கு சரியானதும் அன்று மாலையே ஆசாரியின் கூலியைக் கொடுத்து அனுப்பினார். ஏன் தாமதம் என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து மீண்டும் போன். லேப்டாப்பில் மகளுக்கென்று தனி யூசர் அக்கவுன்ட் உருவாக்கினாராம். அதில் கால்குலேட்டரைத் திறந்தால் மறுபடியும் கமா! காரணம், ரீஜன் செட்டிங் ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனி. நாம் மாற்றியது அவருடைய அக்கவுன்டுக்கு மட்டும். அதே ரீஜன் டயலாக் பாக்ஸில் 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்' டேபுக்குப் போய் 'காப்பி செட்டிங்ஸ்' பட்டனை க்ளிக் செய்து, வெல்கம் ஸ்கிரீன், நியூ யூசர் அக்கவுன்ட்ஸ் என்ற இரண்டு டிக் பாக்ஸ்களையும் டிக் செய்து ஓகே கொடுக்கச் சொன்னேன். இனி உருவாக்கும் அக்கவுன்ட்கள் இந்திய முறையிலேயே வரும். ஏற்கெனவே உருவாக்கிவிட்ட மகளின் அக்கவுன்டுக்குள் மட்டும் ஒருமுறை நுழைந்து, பட்டியலில் இந்தியாவைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.